நில்லாக் கோளும் நிலைத்துவிட்ட பொய்யும்

திருநள்ளாற்றின் மேலாகப் பறக்கும் செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்று செல்கின்றனவாம்! சனி என்று மக்கள் வழங்கும் காரிக்கோளிலிருந்து கருநீலக் கதிர்கள் அவ்வூர்க் கோயிலின்மீது இறங்கிக்கொண்டே இருக்கின்றனவாம்! அக்கதிர்களின் தாக்கத்தால் செயற்கைக்கோளின் பொறிகள் திகைத்துப் போகின்றனவாம்! அமெரிக்க நாட்டு நாசா நிறுவனத்தின் அறிஞர்கள் இதன் காரணம் புரியாது மயங்கி, ஈற்றில் திருநள்ளாற்றுக்கே வந்து கைகூப்பி வணங்கிச் சென்றனராம்!

இக்கதை தமிழ்நாடெங்கும் பல்லாண்டுகளாக உலவி வருகிறது. காரிப்பெயர்ச்சி விழா நெருங்குந்தோறும் இது புத்துயிர் பெறுகிறது. மேடையில் சொல்கின்றனர், தாளிகைகளில் அச்சிடுகின்றனர், கைப்பேசிக்குக் கைப்பேசி தாவவிடுகின்றனர். எழுத்தறியா ஏழை ஒருவர் இதனை நம்பினால் பொறுத்துக்கொள்ளலாம். பட்டங்களை அடுக்கடுக்காகப் பெயருக்குப் பின்னே தொங்கவிட்டிருப்போர் அல்லரோ இதனை முந்திக்கொண்டு பரப்புகின்றனர்! எந்தச் செயற்கைக்கோள்? எந்த ஆண்டு? எந்த நாள்? அளந்தவர் யார்? அளந்த கருவி எது? ஒருவரேனும் கேட்டதுண்டா?

திருநள்ளாற்றின் பெருமைக்கு இப்பொய் வேண்டுவதே இல்லை. மூவர் பாடலும் பெற்ற ஊர் அது. மதுரையில் திருஞானசம்பந்தர் அனலில் இட்டபோது எரியாது பச்சையாய் நின்றதாகச் சொல்லப்படும் ஏடு திருநள்ளாற்றுப் பதிகம் தாங்கிய ஏடே. தமிழ்ப்பாட்டால் பெயர்பெற்ற ஊர் ஒன்று இன்று அமெரிக்கன் வந்து கும்பிட்டான் என்னும் கட்டுக்கதையால் பெருமை தேடிக்கொள்ள வேண்டுமா? இறைவனுக்குங்கூட அயல்நாட்டான் சான்றிதழ் தந்தால்தான் மதிப்பு என்று கருதும் அடிமை மனமன்றோ இக்கதையைப் பெற்றெடுத்தது!

பொய்யை வெறுமனே பொய் என்று சொல்லிவிட்டால் போதாது. அது ஏன் பொய் என்பதை, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். எடுத்துரைக்க முடியும் என்பதும் இங்கேயே தெரியும்.

கையிலிருந்து கல் ஒன்றை நழுவவிட்டால் முதல் நொடியில் அது ஏறத்தாழ 5 மீட்டர் விழும். அதே கல்லைக் கிடையாக வீசினாலும் முதல் நொடியில் அது விழும் ஆழம் அதே 5 மீட்டர்தான். வீச்சுக்கேற்பச் சற்றுத் தள்ளிப்போய் விழும், அவ்வளவே. இனி, ஞாலம் உருண்டையானது. அதன் பரப்பு 8 கி.மீ. தொலைவுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வளைந்து தாழ்கிறது. அப்படியானால் நொடிக்கு 8 கி.மீ. விரைவில் ஒரு கல்லைக் கிடையாக வீசினால் என்ன ஆகும்? கல் 5 மீட்டர் விழுகிறது. கீழே நிலமும் 5 மீட்டர் விலகிவிடுகிறது. அடுத்த நொடியிலும் அவ்வாறே. கல் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் நிலத்தைத் தொடாது. உயர்ந்த மலையுச்சியிலிருந்து எறியப்படும் பொருளைக் காட்டி நியூட்டன் விளக்கிய உண்மை இது. அவர் மறைவுக்குப் பின் 1728ஆம் ஆண்டில் அச்சான நூலில் அவ்விளக்கம் படத்தோடு உளது. காற்று தடுக்காத உயரத்தில் இவ்வாறு முடிவின்றி விழுந்துகொண்டிருக்கும் கல்லுக்கே செயற்கைக்கோள் என்று பெயர்.

வானத்தில் ஈர்ப்பில்லை, அதனால்தான் கோள் மிதக்கிறது என்று பள்ளியாசிரியர் சிலரே சொல்லிவிடுகின்றனர். பெரும் பிழை! 400 கி.மீ. உயரத்திலும் ஞாலத்தின் ஈர்ப்பு நிலத்தில் உள்ளதில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தொன்பது பங்கு இருக்கிறது. ஈர்ப்பு இல்லையேல் செயற்கைக்கோள் சுற்றவே சுற்றாது; நேர்கோட்டில் ஓடி மறைந்துவிடும். ஈர்ப்பே அதனை வளைக்கிறது. விரைவே அதனை விழாமற் காக்கிறது. இவ்விரண்டில் ஒன்று போயினும் சுற்று இல்லை.

இப்போது திருநள்ளாற்றுக்கு வருக. 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. செல்கிறது. திருநள்ளாற்றுக்கும் காரைக்காலுக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவை அது ஒரு நொடிக்குள்ளாகவே தாண்டிவிடும். அத்துணை விரைவில் செல்வது சட்டென்று நின்றால் முதலில் நொறுங்கித் தூளாகும். நொறுங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோர் மேலும் கணக்கிடட்டும். நின்ற அந்தக் கணமே அது நேரே கீழ்நோக்கி விழத் தொடங்கும். மூன்று நொடியில் ஏறத்தாழ 40 மீட்டர் இறங்கியிருக்கும். மூன்றாம் நொடி முடிந்தபின் அது மீண்டும் புறப்பட வேண்டுமே! இழந்த 7.7 கி.மீ. விரைவை அதற்குத் திருப்பித் தருபவர் யார்? அதனை முதன்முதல் மேலே தூக்கிச்சென்ற ஏவூர்தியின் பணியை வானத்தில் மறுபடியும் செய்யப் பெரியதோர் ஏவூர்தி அங்கே காத்துக்கிடக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று! இல்லையேல் அக்கோள் திருநள்ளாற்று வயல்களில் வந்து விழும். அப்படி ஒன்றும் விழுந்ததாக அவ்வூர் உழவர் எவரும் சொல்லவில்லை.

ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும் தொலைத்தொடர்புக் கோள்கள் இல்லையா என்று சிலர் மடக்க எண்ணலாம். உள்ளன. அவை 35,786 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 3 கி.மீ.க்குச் சற்று மேலான விரைவில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஞாலம் தன்னைத்தான் ஒருமுறை சுற்றும் நேரமும் அவை ஒரு சுற்றை முடிக்கும் நேரமும் ஒன்றாக இருத்தலின் நிற்பது போலத் தோன்றுகின்றன. அங்ஙனம் நிலைத்துத் தோன்றுவதும் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே மட்டுமே கூடும். திருநள்ளாறோ நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. ஆகவே ஓடுங்கோளும் அங்கே நில்லாது. நிற்பதுபோற் காட்டும் கோளும் அவ்வூரின் உச்சிக்கு வாராது.

சரி, காரிக்கோளின் ஆற்றல் என்ன ஆயிற்று? அது ஞாலத்தைப்போல் 95 மடங்கு நிறையுடைய பெருங்கோள்தான். ஆனால் நூறு கோடி கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. அத்தொலைவிலிருந்து அது ஒரு செயற்கைக்கோளை இழுக்கும் இழுப்பு, ஞாலம் அதனை இழுக்கும் இழுப்பில் ஏறத்தாழ 40 கோடியில் ஒரு பங்கு. மூன்று நொடியில் அவ்விழுப்பு கோளை நகர்த்தும் தொலைவு ஒரு மயிரிழைத் தடிப்பின் ஆயிரத்தில் ஒரு பங்களவே. அந்நகர்ச்சியும் வெளியே தெரியாது. ஏனெனில் ஞாலத்தையும் அதன்மேலுள்ள கோயிலையும் பெயர்ச்சிப் பயன் சொல்வோரையும் காரி அதே அளவில்தான் இழுக்கிறது!

காரி தன்னருகே வந்த கலத்தையேனும் தானாக நிறுத்தியதா? 1997இல் ஏவப்பெற்ற காசினிக் கலம் 2004இல் காரியை அடைந்தது. வளையங்களை ஒட்டி அத்துணை அண்மையிற் சென்றும், காரி அதனைப் பிடித்து நிறுத்தவில்லை. கலம் தன் பொறியை எதிர்த்திசையில் 96 நிமையம் எரித்துத் தன் விரைவைத் தானே குறைத்துக்கொண்ட பின்னரே காரியின் சுற்றுப்பாதையில் அமர்ந்தது. எரிக்காதிருந்தால் காரியை வளைந்து கடந்து அப்பாற் போயிருக்கும். பின்னர் 2017 வரை, காரியின் பெருநிலாவாகிய தைத்தானின் ஈர்ப்பை நூறு தடவைக்கு மேல் பயன்படுத்தி, அக்கலத்தின் பாதையை விரும்பியவாறெல்லாம் திருப்பினர். காரிக்கோளின் வாயிலிலேயே நிற்காத கலம், நூறு கோடி கி.மீ.க்கு இப்பால் காரைக்காலுக்கு மேலே நிற்குமாம்!

கோள்களின் ஈர்ப்பு மாந்தனுக்குப் பயன்படவே பயன்படாதா? பயன்படுகிறது, எண்ணெய் முழுக்கினாலன்று, கணக்கினால்! மட்டைப்பந்து ஆடும் சிறுவனைக் கேட்டாலே விளங்கும். அசையாது பிடித்த மட்டையில் பட்ட பந்து ஏறத்தாழ வந்த விரைவோடே திரும்பும். எதிரே வீசப்பட்ட மட்டையிற் பட்டால் வந்ததினும் பன்மடங்கு விரைந்து பறக்கும். வியாழன் அத்தகைய வீசப்பட்ட மட்டை. அது ஞாயிற்றைச் சுற்றி நொடிக்கு 13 கி.மீ. விரைவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்புறமாக வந்து அணுகும் கலம் அதனைத் தொடுவதில்லை. அதன் ஈர்ப்பில் வளைந்து திரும்புகிறது. வியாழனிலிருந்து பார்த்தால் கலம் வந்த விரைவும் போன விரைவும் ஒன்றே. ஞாயிற்றிலிருந்து பார்த்தாலோ வியாழனின் ஓட்டத்தில் ஒரு பங்கு கலத்தோடு சேர்ந்துகொண்டது. ஒரு துளி எரிபொருள் செலவில்லை. வியாழன் அத்துளி ஆற்றலை இழந்தது. ஆயினும் ஞாலத்தைப்போல் 318 மடங்கு நிறையுள்ள அக்கோளுக்கு அவ்விழப்பு அளக்கவும் இயலாதது. முன்புறமாகக் கடந்தால் விரைவு குறையும். 2018இல் ஏவப்பெற்ற பார்க்கர் கலம் வெள்ளிக்கோளை ஏழு முறை அணுகி, இவ்வாறு விரைவைக் குறைத்தே ஞாயிற்றை நெருங்கியது.

1961ஆம் ஆண்டில் மைக்கேல் மினோவிட்சு என்னும் ஆய்வு மாணவர் இக்கணக்கை விரிவாகப் போட்டார். 1965இல் கேரி பிளாண்டிரோ, வியாழன், காரி, யுரேனசு, நெப்தியூன் ஆகிய நான்கும் 1970களின் இறுதியில் ஒன்றன்பின் ஒன்றாக அணுகத்தக்க ஒழுங்கில் அமையும் என்றும், அவ்வமைப்பு ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வாய்க்கும் என்றும் கண்டார். கோள்நிலை பார்த்துப் புறப்பட்ட செலவு இது! 1977இல் புறப்பட்ட இரண்டாம் வாயேசர் கலம் 1979இல் வியாழனையும், 1981இல் காரியையும், 1986இல் யுரேனசையும், 1989இல் நெப்தியூனையும் கடந்தது. எரிபொருளை மிச்சப்படுத்தி நேரே நெப்தியூனுக்குச் செல்வதாயின் ஏறத்தாழ 30 ஆண்டு பிடிக்கும். கோளுக்குக் கோள் தாவிச் சென்றதால் 12 ஆண்டில் போய்ச் சேர்ந்தது. பெயர்ச்சிப் பயன் என்றால் இதுவன்றோ பயன்!

அந்த வாயேசர் கலங்களில் பொன்பூசிய இசைத்தட்டு ஒன்று உளது. வேற்றுலகில் எவரேனும் கண்டெடுப்பின் கேட்கட்டும் என்று 55 மொழிகளில் வாழ்த்துரை பதித்து அனுப்பினர். இந்தி உண்டு, வங்காளம் உண்டு, தெலுங்கும் கன்னடமும் உண்டு, சிங்களம் உண்டு. பேசுவோர் அற்றுப்போன சுமேரியமும் அக்கேடியமும் உண்டு. தமிழ் இல்லை! இச்செய்தியைக் கேட்ட தமிழனின் குருதி கொதிக்கும், கொதிக்க வேண்டியதுதான். செத்த மொழிக்குக் கிடைத்த இடம் உயிர்மொழிக்குக் கிடைக்கவில்லையே! ஆனால் அவ்வாழ்த்துகளிற் பெரும்பாலானவை கார்னெல் பல்கலைக்கழகத்தில் கைக்கெட்டிய மொழியாளரைக் கொண்டு விரைவிற் பதித்தவை. அயலான் ஒருவன் தன் அவசரத்தில் விட்டுவிட்டதை நினைந்து புலம்புவதைவிடப் பெரிய இழப்பு ஒன்றிருக்கிறது. அத்தட்டைச் சுமந்து செல்லும் கலம் எங்ஙனம் செல்கிறது என்னும் அறிவு தமிழ்நாட்டு வீடுகளில் தமிழில் இல்லை. வானத்தில் தமிழ் ஒலிக்கவில்லையே என்று வருந்துவோர், வானத்தைப் பற்றித் தமிழில் என்ன ஒலிக்கிறது என்று செவி கொடுக்கட்டும். கருநீலக் கதிர்க் கதையன்றோ ஒலிக்கிறது!

பொய் நல்ல தமிழில் பேசுகிறது. பாட்டிக்கும் விளங்கும் தமிழில், சுவை குன்றாமல் பேசுகிறது. மெய்யோ ஆங்கிலச் சட்டை அணிந்து பல்கலைக்கழக வாயிலுக்கு உள்ளேயே நிற்கிறது. இந்நிலையில் மக்கள் எதனை நம்புவர்?

ஈர்ப்பியல் தமிழ்ப் பாடநூலில் இல்லாமலில்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் கெப்ளர் விதிகளும் உள்ளன; செயற்கைக்கோளின் விரைவைக் காணும் வாய்பாடும் உளது. பிள்ளைகள் அதனை மனப்பாடம் செய்து, ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதி, தேர்வு முடிந்த மாலையே மறந்துவிடுகின்றனர். அதே பிள்ளை பொறியியற் பட்டமும் பெற்று வந்து, கோள் மூன்று நொடி நின்றதென்று பிறர்க்கு அனுப்புகிறான்! வாய்பாட்டை வாழ்க்கையின் கேள்வியோடு பொருத்திக் காட்டாத கல்விக்கு இதைவிடப் பெரிய தோல்வி வேறென்ன?

உயர்கல்விக்குப் போனால் அங்கே பழைய பாட்டுத்தான்: தமிழில் சொல் இல்லை! அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோதும் இம்முணுமுணுப்பு கேட்டது. இக்கட்டுரையில் இதுவரை சொல்லப்பட்ட ஈர்ப்பு, விரைவு, நிறை, சுற்றுப்பாதை, ஏவூர்தி, விண்கலம், நடுக்கோடு ஆகியவற்றுள் எச்சொல் எவருக்கு விளங்கவில்லை? 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிரீன், ஆங்கில மருத்துவத்தையே தமிழில் நூலாக்கித் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். அயல்நாட்டார் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செய்து காட்டியதை, இருபத்தொன்றாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பேராசிரியர் முடியாதென்கிறார்! முடியாதென்பது மொழியின் குறையன்று; சொல்வோரின் சோம்பல்.

தனித்தமிழ் அன்பர் பக்கத்திலும் குறையில்லாமல் இல்லை. வலவனில்லாது செல்லும் வானவூர்தியைப் புறநானூற்றுப் புலவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குறித்திருக்கிறார் என்று காட்டி, பண்டைத் தமிழன் அன்றே விண்ணில் பறந்தான் என்று மேடையதிர முழங்குவோர் உளர். அப்பாட்டைப் படித்தவர் அறிவர்: நல்வினை செய்தோர் மேலுலகம் செல்லும் சிறப்பைச் சொல்லவந்த இடம் அது, பொறியியற் செய்தியன்று. இப்பெருமிதம் திருநள்ளாற்றுக் கதைக்கு உடன்பிறப்பே. ஞாயிற்றின் இயக்கத்தை அளந்து கூறுவோர் தம் காலத்தில் இருந்தனர் என்று அதே புலவர் பிறிதொரு பாட்டில் குறித்துள்ளார். அளப்பதும் ஆராய்வதும் தமிழர்க்குப் பழகியவை என்பதற்கு அதுவே நல்ல சான்று. அதனை யாரும் மேடையில் முழங்குவதில்லை. ஏனெனில் அளத்தல் உழைப்பைக் கேட்கும். இன்னும் சிலர் கலைச்சொற் பட்டியல் ஆக்குவதோடு நின்றுவிடுகின்றனர். ஆயிரம் சொல் ஆக்கி அடுக்கி வைத்து, அவற்றால் ஒரு பக்கம் அறிவியல் எழுதாது விடுவது, நெல்லைக் குத்திக் குத்திக் குதிருக்குள்ளேயே கொட்டி வைத்துப் பட்டினி கிடப்பதை ஒக்கும்.

தமிழ்வழிக் கல்வி விண்ணறிவுக்கு ஒவ்வாது என்போர் கோதவாடியை நினைக்கட்டும். பொள்ளாச்சியை அடுத்த அச்சிற்றூரில் பிறந்து தமிழ்வழியிற் பள்ளிக்கல்வி பெற்ற மயில்சாமி அண்ணாதுரைதான் 2008இல் நிலாவுக்குச் சென்ற முதல் இந்தியக் கலத்தின் திட்ட இயக்குநர். 2013இல் செவ்வாய்க்கலத் திட்டத்தையும் இயக்கினார். கையருகே நிலா என்று தமிழிலேயே நூலும் எழுதினார். அச்செவ்வாய்க் கலத்தின் செலவு ஈர்ப்பைக் கையாளும் திறனுக்கு நல்ல பாடம். 1,337 கிலோ எடையுள்ள அதனை நேரே செவ்வாய்க்கு எறியும் வலிமை அதனைத் தூக்கிய ஏவூர்திக்கு இல்லை. எனவே ஞாலத்தைச் சுற்றும் நீள்வட்டத்தில் முதலில் விட்டனர். கலம் ஞாலத்தை நெருங்கி மிக விரைந்து செல்லும் இடத்தில் மட்டும் பொறியை எரித்தனர். ஊஞ்சல் தாழ்ந்து விரையும் இடத்தில் உந்தினால் மிகுந்த பயன் கிடைப்பது போல, அங்கே எரித்த எரிபொருளே மிகுந்த ஆற்றல் தரும். நீள்வட்டம் ஒவ்வொரு முறையும் நீண்டது. 2013 திசம்பர் முதல் நாள் கட்டறுத்துப் புறப்பட்ட கலம் 2014 செப்தம்பர் 24இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. 2022 வரை அதனோடு தொடர்பிருந்தது. இத்துணைத் திறத்துக்கும் தமிழர் உழைப்பு வேண்டும்; பெயர் சூட்டும்போது மட்டும் சந்திரயான், ககன்யான் என்று வடசொல்லே வேண்டும்! நெல்லை மாவட்டத்தில் ஏவூர்திப் பொறிகளை ஆய்ந்து பார்க்கும் மலையடிவாரத்துக்கும் மகேந்திரகிரி என்றே பெயர்.

இனிக் குலசேகரப்பட்டினத்திலும் ஏவுதளம் அமைகிறது. 2024இல் அடிக்கல் நாட்டினர். சீரிக்கோட்டாவிலிருந்து தெற்கே முனைவழிச் சுற்றுக்கு ஏவினால் வழியில் இலங்கை குறுக்கிடும். அதனை விலக்கி வளைந்து செல்வதில் ஆற்றல் வீணாகும். சிறிய ஏவூர்திக்கு அவ்வீண் பேரிழப்பு. குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கே நேர்வழியிற் கடலே விரிந்து கிடக்கிறது. தங்கள் கடற்கரை ஏன் தேர்ந்தெடுக்கப்பெற்றது என்று அவ்வூர்ப் பரதவர் வீட்டுப் பிள்ளை கேட்டால், இந்த நான்கு வரி விடையைத் தமிழில் சொல்ல அங்கே ஓர் ஆசிரியர் இருக்கிறாரா? அறிவிப்புப் பலகைகள் எம்மொழியில் நிற்கப் போகின்றன?

திருநள்ளாற்றுப் பள்ளியாசிரியர்க்கு ஓர் எளிய வழி உண்டு. 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம் அவ்வூர் வானத்தையும் கடக்கிறது. கடக்கும் நாளும் நேரமும் முன்கூட்டியே வெளியிடப்படுகின்றன. ஏற்ற நாளின் அந்திப் பொழுதில் தொலைநோக்கியும் வேண்டா, வெறுங்கண்ணே போதும். விண்மீன்போல் ஒளிர்ந்து, ஐந்தாறு நிமையத்தில் அது வானத்தைக் கடந்து மறையும். கோயிற் குளக்கரைக்கோ ஊர்ப்புறத்து வயல்வரப்புக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்க. ஒரு கடிகாரமும் கொண்டு செல்க. அது உச்சிக்கு வரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று பிள்ளைகளே தமிழில் எண்ணட்டும். அது நின்றதா, சென்றதா என்று அவர்களே வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டும்.